தொலைவில் நிற்கும் எண்கள்

கேயாஸ் (விதி தெரிந்திருந்தும் கணிக்க முடியாத இயக்கம்) என்றதும் பட்டாம்பூச்சியும் வானிலையும் நினைவுக்கு வரும். கூடவே ஒரு வாக்கியமும் வரும்: சமன்பாடு நேரியலாக (லீனியராக) இல்லாவிட்டால்தான் கேயாஸ் வரும். நான் பாடம் எடுக்கும் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இதையே உறுதியாகச் சொன்னாள். "லீனியர்னா கேயாஸே வராதுல்ல மேடம்? ஐகன் மதிப்பு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதானே?"

வரும்மா என்றேன். அவள் நம்பவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம் என்றாலும், அடுத்த இரண்டு வகுப்புகளை அதற்கே கொடுத்தேன். கரும்பலகையில் போட்டதையும், இடம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பகுப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த மூலை இது.

முதலில் அந்த மாணவியின் பக்கத்து நியாயம். பரிமாணம் முடிவுள்ளதாக இருக்கும்வரை அவள் சொன்னது சரி. ஒரு சதுர அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெக்டரை அதனால் திரும்பத் திரும்பப் பெருக்குகிறோம். கிடைக்கும் வெக்டர்கள் வெளி முழுக்கப் பரவி, எந்தப் புள்ளியைச் சொன்னாலும் அதன் அருகில் ஒரு முறையாவது போய் நிற்குமா? நிற்காது. நிரூபணம் மூன்று வரிதான். அணியால் பெருக்கினால் ஓர் எண்ணின் மடங்காக மட்டும் மாறும் பூச்சியமல்லாத வெக்டர் ஐகன் வெக்டர், அந்த எண் ஐகன் மதிப்பு. அணியின் இடமாற்று அணிக்கு ஒரு ஐகன் வெக்டர் கட்டாயம் உண்டு (கலப்பெண்களை அனுமதித்தால்). நம் பாதையில் வரும் ஒவ்வொரு வெக்டரையும் அந்த ஐகன் வெக்டரோடு புள்ளிப் பெருக்கம் செய்தால் வரும் எண்கள் ஒரு பெருக்குத் தொடர்வரிசை. பொது விகிதத்தின் மட்டு (பூச்சியத்திலிருந்து அதன் தூரம்) 1-ஐத் தாண்டாவிட்டால் அவை ஓர் எல்லைக்குள் அடங்கும்; தாண்டினால் முடிவிலிக்கு ஓடிவிடும். எப்படியானாலும் எங்கும் பரவ முடியாது. பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர்வரிசை ஒன்றே நூறு பரிமாணத்தையும் லட்சம் பரிமாணத்தையும் கட்டிப் போட்டுவிடுகிறது.

இந்த நிரூபணம் நின்றுபோகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: "ஐகன் வெக்டர் கட்டாயம் உண்டு" என்ற சொற்கள். முடிவிலாப் பரிமாணத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

இனி வெளி. முடிவில்லாமல் நீளும் தொடர்வரிசைகளில், உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வருபவை மட்டும் நம் வெளியில் இருக்கட்டும். எல்-2 என்பார்கள், நீளமும் கோணமும் அளக்கத்தக்க ஹில்பர்ட் வெளிகளில் இதுதான் முதலாவது. ஒரு தொடர்வரிசையின் நீளம், அந்த வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். இதில் ஒரு செயலி (ஒரு தொடர்வரிசையை இன்னொன்றாக்கும் விதி): முதல் எண்ணைத் தூக்கி எறி, மற்றவற்றை ஓர் இடம் முன்னால் தள்ளு. ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்பவர் சாமான் வாங்கிக்கொண்டு போனதும் எல்லாரும் ஓரடி முன்னே வருவார்கள் அல்லவா, அதேதான். இந்த வரிசைக்கு மட்டும் கடைசி ஆள் கிடையாது. இதை நகர்த்தி என்று அழைக்கிறேன். அது நேரியல்தான்: இரண்டு தொடர்வரிசைகளைக் கூட்டிவிட்டு நகர்த்தினாலும், நகர்த்திவிட்டுக் கூட்டினாலும் ஒன்றே.

நகர்த்தியை மட்டும் திரும்பத் திரும்பச் செலுத்தினால் எந்தத் தொடர்வரிசையும் தேய்ந்து பூச்சியத்தை நெருங்கும். 2-ஆல் பெருக்குவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தால் பூச்சியத்தைத் தவிர எல்லாம் முடிவிலிக்குப் போகும். இரண்டுமே சாதுவானவை. இரண்டையும் சேர்த்து, ஓர் இடம் நகர்த்தி உடனே 2-ஆல் பெருக்கினால்?

1969-இல் போலந்துக் கணித அறிஞர் ஸ்டெஃபான் ரோலெவிச் 'ஸ்டுடியா மேதமேட்டிகா' ஆய்விதழில் இதற்கு விடை எழுதினார். ஒரே ஒரு தொடர்வரிசையிலிருந்து கிளம்பும் பாதை வெளி முழுவதையும் நிரப்பிவிடும்! நிரப்பும் என்றால், எல்-2 வெளியில் எந்தப் புள்ளியை, அதாவது எந்தத் தொடர்வரிசையைக் காட்டினாலும், எவ்வளவு நெருக்கம் கேட்டாலும், அந்தப் பாதை ஒரு நாள் அங்கே வரும். 2 என்பதற்கும் விசேஷம் இல்லை. 1.0001 போதும், 1-ஐவிடத் துளி அதிகமாக இருந்தாலே போதும்.

இதன் கட்டுமானத்தைக் கரும்பலகையில் போடும்போது எனக்கு இன்றும் கை வேகமெடுக்கும். விகிதமுறு எண்களால் ஆன முடிவுள்ள தொகுதிகளைப் பட்டியலிட முடியும்: முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி, மூன்றாம் தொகுதி என்று. வெளியின் எந்தப் புள்ளிக்கு அருகிலும் இவற்றில் ஒன்று இருக்கும். இப்போது ஒரே தொடர்வரிசைக்குள் இவை அத்தனையையும் வைக்கிறோம். ஒரு தொகுதி ஆயிரமாவது இடத்துக்கு அடுத்துத் தொடங்குகிறதென்றால் அதை 2-இன் ஆயிரம் அடுக்கால் வகுத்து வைக்கிறோம். அவ்வளவு சுருங்கிய பொருளால் மொத்த நீளத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆயிரம் முறை செயலியைச் செலுத்துங்கள். முன்னால் இருந்த தொகுதிகள் எல்லாம் கழன்று போயிருக்கும். நம் தொகுதி 2-இன் ஆயிரம் அடுக்கால் பெருக்கப்பட்டுத் தன் உண்மை உருவத்தோடு முதலிடத்தில் நிற்கும். அடுத்த தொகுதிகள் இன்னும் மிகத் தொலைவில் இருப்பதால் அவை இன்னும் சிறியவையாகவே இருக்கும். தொகுதிகளுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டால் வேலை முடிந்தது.

முடிவிலாப் பரிமாணம் என்ன கொடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டுமானம் எனக்குத் தெரியாது. அது இடம் கொடுக்கிறது. எதிர்காலம் முழுவதையும் இன்றைக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவில், தொலைவில் வைத்துவிட இடம். தோராயம் என்று சொல்லி நாம் வெட்டி எறியும் அந்த வால் பகுதியில்தான் எல்லாமே இருக்கிறது.

பாதை எங்கும் பரவினால் மட்டும் கேயாஸ் ஆகிவிடாது. 1980களில் ராபர்ட் டெவனி கொடுத்த வரையறை மூன்று கேட்கிறது: ஒரு பாதை எங்கும் பரவ வேண்டும், சில அடிகளில் தன்னிடமே திரும்பிவரும் புள்ளிகள் எங்கும் செறிந்திருக்க வேண்டும், மிக அருகில் தொடங்கும் இரண்டு பாதைகள் பிரிந்து போக வேண்டும். மூன்றாவதைத்தான் பட்டாம்பூச்சி என்று உலகம் கொண்டாடுகிறது. தனியாகப் பார்த்தால் அது மிக மலிவானது. எண்கோட்டில் 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனாலும் அருகருகே இருந்தவை விலகும். அதில் என்ன கேயாஸ் இருக்கிறது? 1992-இல் பேங்க்ஸும் அவருடன் நால்வரும் சேர்ந்து, முதல் இரண்டு நிபந்தனைகள் இருந்தாலே மூன்றாவது தானாக வந்துவிடும் என்று நிரூபித்தார்கள். பட்டாம்பூச்சியை வரையறையிலிருந்தே எடுத்துவிடலாம். இது பொதுமக்களுக்குப் போய்ச் சேராதது எனக்கு ஒரு மனக்குறை.

திரும்பிவரும் புள்ளிகளை நம் இரட்டிக்கும் நகர்த்திக்குக் கையாலேயே செய்யலாம். மூன்று அடியில் திரும்ப வேண்டுமா? எந்த மூன்று எண்களையும் எடுங்கள், 5, 7, 1 என்று வையுங்கள். அடுத்த மூன்றுக்கு அவற்றையே 8-ஆல் வகுத்து எழுதுங்கள். அதற்கடுத்த மூன்றுக்கு 64-ஆல். (5, 7, 1, 5/8, 7/8, 1/8, 5/64, ...). மூன்று முறை நகர்த்தினால் முதல் மூன்றும் போய்விடும், மிச்சம் 8-ஆல் பெருக்கப்பட்டு மீண்டும் (5, 7, 1,...). மூன்றுக்குப் பதில் மூவாயிரம் எண்கள் என்றாலும் இதே வழி. எந்தப் புள்ளியின் அருகிலும் இப்படி ஒன்றைச் செய்துவிடலாம். கடைசி பெஞ்சில் இருந்த பையன் எழுந்து, "அப்ப எங்க பார்த்தாலும் திரும்பி வர்றதும் இருக்கு, திரும்பி வராததும் இருக்கா மேடம்?" என்றான். ஆமாம், பக்கத்தில் பக்கத்தில். இதுதான் கேயாஸ்.

பிரிந்து போவதற்கும் ஒரு கணக்கு. முதல் 40 இடங்களிலும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தொடர்வரிசைகள், 41-ஆவது இடத்தில் மட்டும் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு வேறுபடட்டும். 40 அடி கழித்து அந்த வேறுபாடு முதலிடத்தில் நிற்கும், 2-இன் 40 அடுக்கால் பெருகி. 2-இன் 40 அடுக்கு 1,09,951 கோடிக்கும் மேல், அதாவது ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. வேறுபாடு ஏறத்தாழ 1.1.

இதைக் கணினியில் பார்க்கலாமே என்று தோன்றும். நானும் வீட்டு மடிக்கணினியில் ஆக்டேவ் மென்பொருளைத் திறந்து, 100 வரிசை, 100 நிரல் கொண்ட அணி ஒன்றைப் போட்டேன்: முதன்மை மூலைவிட்டத்துக்கு மேல் இருக்கும் வரியில் எல்லாம் 2, மற்ற இடமெல்லாம் பூச்சியம். நம் செயலியின் வெட்டிய வடிவம் இது. ஐகன் மதிப்புகள் நூறும் பூச்சியம். நூறு முறை செலுத்தினால் எந்த வெக்டரும் பூச்சியம். கேயாஸ் என்ற வாடையே இல்லை. அளவை ஆயிரமாக்கினாலும் பத்தாயிரமாக்கினாலும் இதே கதைதான்.

முடிவிலாச் செயலிக்கோ, மட்டு 2-க்குக் குறைந்த ஒவ்வொரு கலப்பெண்ணும் ஐகன் மதிப்பு. 1.5 வேண்டுமா? (1, 0.75, 0.5625, ...) என்று 0.75-இன் அடுக்குகளை எழுதுங்கள்; நகர்த்தி இரட்டித்தால் எல்லாம் 1.5 மடங்கு ஆகியிருக்கும். ஒரு பக்கம் ஒரே ஒரு பூச்சியம், இன்னொரு பக்கம் ஒரு முழு வட்டத்தட்டு. பரிமாணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவிலிக்குப் போய்ச் சேரலாம் என்று நினைப்பவர்கள் இந்த உதாரணத்தின் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்த நூறு பரிமாண அணியைக் கொஞ்சம் சீண்டினால் அது வாயைத் திறக்கிறது. இடது கீழ் மூலையில் இருக்கும் பூச்சியத்துக்குப் பதில் 0.0000000001 போடுங்கள். பத்தாயிரம் கட்டங்களில் ஒரே ஒரு கட்டத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஐகன் மதிப்புகள் நூறும் பூச்சியத்தை விட்டுக் கிளம்பி, ஏறத்தாழ 1.58 ஆரமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் போய் உட்காருகின்றன. அணியின் அளவை 1000 ஆக்கினால் ஆரம் 1.95. தாளில் ஒரு வரியில் சரிபார்க்கலாம்: நூறாம் அடுக்கு எடுத்தால் 2-இன் 99 அடுக்கோடு அந்தச் சிறிய எண்ணின் பெருக்கம் வர வேண்டும், அவ்வளவுதான். முடிவிலாச் செயலியின் வட்டத்தட்டு அந்த வெட்டிய அணிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஐகன் மதிப்பு என்ற அளவுகோலுக்குத்தான் அது தெரியவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அணியின் ஐகன் மதிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு "நிலையானது" என்று எழுதுவதைக் கண்டால் எனக்கு இந்த வட்டம் நினைவுக்கு வந்துவிடும்.

அந்த வட்டத்தட்டுக்கும் கேயாஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1991-இல் கோட்ஃப்ருவாவும் ஷாப்பிரோவும் காட்டினார்கள்: மட்டு 1-க்குக் குறைந்த ஐகன் மதிப்புகளின் வெக்டர்கள் ஒரு பக்கம், 1-க்கு மேற்பட்டவற்றின் வெக்டர்கள் இன்னொரு பக்கம், 1-இன் மூலங்களுக்குரியவை (ஏதோ ஓர் அடுக்கில் 1 ஆகிவிடும் ஐகன் மதிப்புகளின் வெக்டர்கள்) மூன்றாவதாக, இந்த மூன்று கூட்டமும் தனித்தனியே வெளியை நிரப்பும் அளவுக்கு இருந்தால் செயலி கேயாஸ் உள்ளது. நம் வட்டத்தட்டின் ஆரம் 2. அது அலகு வட்டத்தின் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. நகர்த்தியை மட்டும் எடுத்தால் ஆரம் 1, வெளிப்பக்கமே இல்லை. 1-ஐ எந்தத் துளி தாண்டினாலும் போதும் என்பதன் காரணம் இதுதான்.

இப்போது மாணவியின் கேள்விக்கே திரும்புகிறேன். நேரியலல்லாத கேயாஸுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் லாஜிஸ்டிக் விதி: 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணை எடு, அதை 1-லிருந்து கழித்ததோடு பெருக்கு, 4-ஆல் பெருக்கு. 0.1-இல் தொடங்கினால் 0.36, 0.9216, 0.2890 என்று போகும். இந்தப் பாதையை ஒரு தொடர்வரிசையாக எழுதி, இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 4-ஆல், நான்காவதை 8-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: (0.1, 0.18, 0.2304, 0.0361, ...). இது எல்-2 வெளியில் ஒரு புள்ளி. நம் செயலியைச் செலுத்துங்கள். (0.36, 0.4608, 0.0723, ...). இது என்ன? 0.36-இல் தொடங்கினால் இதே முறையில் எழுதும் தொடர்வரிசை! நாம் செய்தது நகர்த்தி இரட்டித்தது மட்டுமே. ஆனால் அதற்குள் லாஜிஸ்டிக் விதி ஓர் அடி நடந்திருக்கிறது.

அதாவது எல்-2 வெளிக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. அதன்மேல் நம் நேரியல் செயலி செய்யும் வேலையும், 0 முதல் 1 வரை லாஜிஸ்டிக் விதி செய்யும் வேலையும் ஒன்றே. லாஜிஸ்டிக் விதிக்கே உரிய எதையும் நான் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளியைத் தன்னுள்ளேயே அனுப்பும் எந்தத் தொடர்ச்சியான சார்பை வைத்தாலும் இது நடக்கும். எண்களுக்குப் பதில் ஹில்பர்ட் வெளி வெக்டர்களையே உறுப்புகளாகக் கொண்ட தொடர்வரிசைகளை எடுத்தால், கச்சிதமான எந்த மெட்ரிக் வெளியின் (தூரம் அளக்கத்தக்க, 0 முதல் 1 வரையான இடைவெளி போல் அடங்கிய வெளியின்) எந்தத் தொடர்ச்சியான இயக்கமும் இதற்குள் வந்துவிடும் என்பது கணித அறிஞர் நேதன் ஃபெல்ட்மன் எழுதிக் காட்டியது. அப்படியானால் "நேரியலா இல்லையா" என்ற கேள்வி கேயாஸைப் பிரிக்கும் கோடே அல்ல. நேரியல் செயலிகளுக்கு அந்தக் கோடு பரிமாணத்தில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த மாணவி நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரோலெவிச்சுக்கு முன்பே இதன் சாயல்கள் உண்டு. 1929-இல் பிர்காஃப், முழுச் சார்புகளை (கலப்பெண் தளம் முழுதும் வகையிடத்தக்க சார்புகளை) ஓர் அலகு இடம்பெயர்ப்பதை வைத்தும், 1952-இல் மக்லேன், வகையிடலை வைத்தும் எங்கும் பரவும் பாதைகளைக் காட்டியிருந்தார்கள். நாம் பிளஸ் டூவில் செய்யும் அதே வகையிடல்தான்! ரோலெவிச் கேட்டுவிட்டுப் போன கேள்வி, பிரிக்கத்தக்க (பட்டியலிடத்தக்க புள்ளிகளே எங்கும் செறிந்திருக்கும்), முடிவிலாப் பரிமாண பனாக் வெளி (நீளம் அளக்கத்தக்க, இடையில் ஓட்டை இல்லாத வெளி) ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு செயலி உண்டா என்பது. உண்டு என்று 1990களின் பிற்பாதியில் அன்சாரியும் பெர்னால்-கொன்சாலெஸும் தனித்தனியே நிரூபித்தார்கள். திரும்பிவரும் புள்ளிகளையும் சேர்த்துக் கேட்டால் விடை மாறிவிடுகிறது. கேயாஸ் செயலி ஒன்றுகூட இல்லாத பனாக் வெளி இருக்கிறது என்று 2001-இல் போனெட், மார்ட்டினெஸ்-கிமெனெஸ், பெரிஸ் மூவரும் காட்டினார்கள். சார்ல்ஸ் ரீட் 1988-இல் கட்டியது இன்னும் தீவிரமானது: எல்-1 வெளியில் (உறுப்புகளின் மட்டுகளைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரும் தொடர்வரிசைகளின் வெளியில்) ஒரு செயலி, அதில் பூச்சியத்தைத் தவிர ஒவ்வொரு புள்ளியின் பாதையும் வெளி முழுக்கப் பரவும். விதிவிலக்கே கிடையாது.

இரண்டாவது வகுப்பின் முடிவில் ஒரு கணக்கு கொடுத்தேன். எல்லா இடத்திலும் 2-ஆல் பெருக்குவதற்குப் பதில், நகர்த்தும்போது இடத்துக்கு ஏற்ற எடையால் பெருக்கலாம். இரண்டாவது எண் முதலிடத்துக்கு வரும்போது 2, மூன்றாவது இரண்டாமிடத்துக்கு வரும்போது 3/2, அடுத்து 4/3, 5/4. எடைகள் 1-ஐ நோக்கி இறங்குகின்றன. இன்னொரு செயலிக்கு இவற்றின் வர்க்கமூலங்களே எடைகள். இரண்டில் எது கேயாஸ்?

எடைகளின் பெருக்கற்பலன் எல்லையின்றி வளர்ந்தால் எங்கும் பரவும் பாதை உண்டு. இது ஹெக்டர் சாலஸ் 1995-இல் தந்த அளவுகோலிலிருந்து வருவது. இரண்டிலும் வளர்கிறது, ஒன்றில் 2, 3, 4, ... என்றும் மற்றதில் அவற்றின் வர்க்கமூலங்களாகவும். எனவே பரவும் பாதை இரண்டுக்கும் உண்டு. திரும்பிவரும் புள்ளிக்கு வருவோம். முதல் செயலியில் அசையாமல் நிற்கும் தொடர்வரிசை (1, 1/2, 1/3, 1/4, ...). வர்க்கங்களின் கூட்டுத்தொகை பையின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு. எனவே அது எல்-2 வெளியில் இருக்கிறது. இரண்டாவது செயலியில் அசையாமல் நிற்க வேண்டியது 1, 1/2, 1/3, ... ஆகியவற்றின் வர்க்கமூலங்கள். அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகை 1 + 1/2 + 1/3 + ... என்ற இசைத் தொடர். அது விரிந்து போகிறது, எனவே அந்தப் புள்ளி வெளியிலேயே இல்லை. இப்படிப்பட்ட எடை நகர்த்திகளில் பூச்சியமல்லாத திரும்பும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தால்கூட முழுக் கேயாஸும் வந்துவிடும், இல்லையென்றால் இல்லை என்பது குரோஸ்-எர்ட்மன் 2000-இல் நிரூபித்தது. ஆகவே முதலாவது கேயாஸ். இரண்டாவதில் பாதை எங்கும் பரவுகிறது, ஆனால் பூச்சியத்தைத் தவிர எந்தப் புள்ளியும் ஒருபோதும் தன்னிடம் திரும்பி வருவதில்லை. எடைகளை எல்-3 வெளிக்கு (வர்க்கங்களுக்குப் பதில் மட்டுகளின் கனங்களைக் கூட்டிப் பார்க்கும் வெளிக்கு) எடுத்துப்போய் அதே இரண்டாவது செயலியை மறுபடி சோதித்துப் பாருங்கள். அங்கே அது கேயாஸ் ஆகிவிடும்.